அண்ணாச்சிகிட்ட கேளுங்க: குற்றாலத்துக்கு எத்தன ஸ்பெல்லிங்?

போன இதழ்ல பேச்சுவாக்குல "நம்ம ஊர் படங்களத் தேடிக் காட்டுற மாதிரி சின்னதா ஒரு வெப் ஆப் நீங்களே செஞ்சுக்கிடலாம்"னு ரெண்டு வரி எழுதிட்டேன், அதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு நினைக்கல. அதனால இந்தத் தடவ பிரிண்டர் மக்கர், மொபைல் சூடாகுது கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளியாச்சு, கோவிச்சுக்கிடாதீங்க.

கேள்வி: அண்ணாச்சி, நான் பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாம் வருஷம். ப்ராஜெக்ட்டுக்கு போட்டோ தேடுற ஆப் பண்ணலாம்னு இருக்கேன். ஒரு கட்டம், ஒரு பட்டன், அமுக்குனா படம் வரணும், அவ்ளோதான். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரியும். ஆனா படம் எங்கருந்து வரும், நானே எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணி வைக்கணுமா? (கல்லூரி மாணவர், பேட்டை)

அண்ணாச்சி: ஒண்ணையும் டவுன்லோட் பண்ண வேண்டாம் தம்பி. படம் இருக்கிற எடத்துலயே இருக்கட்டும், நீ கேட்டு வாங்கிக் காட்டுறதோட சரி. படம் வச்சிருக்கிற பெரிய சைட்டுக பலதும் மனுஷங்களுக்கு ஒரு வாசல், ப்ரோக்ராமுக்கு ஒரு ஜன்னல்னு தனியா வச்சிருக்கு, அந்த ஜன்னலுக்குப் பேருதான் ஏபிஐ. அங்கன போய் "நெல்லையப்பர் கோயில், 20 படம்"னு கேட்டா படத்தத் தூக்கிக் கையில குடுக்காது, ஒவ்வொரு படத்தோட அட்ரஸ், அகலம் உயரம், எடுத்தவர் பேரு, லைசென்ஸ் இதெல்லாம் ஜேசான்கிற, ப்ரோக்ராம் படிக்கத் தோதான எழுத்து வடிவத்துல பட்டியலா குடுக்கும், நீ அந்த அட்ரஸ இமேஜ் டேக்ல போட்டா பிரவுசரே போய் படத்தக் கூட்டியாந்துரும்.

சில ஜன்னல்ல ரேஷன் கார்டு கேப்பான், அதான் ஏபிஐ கீ. கார்டுக்கு இவ்ளோதான்னு அளவும் உண்டு. போட்டோ சைட்டுகள்ல, அன்ஸ்பிளாஷ்ல சோதனை நிலையில மணிக்கு 50 கேள்வி, பெக்செல்ஸ்ல மணிக்கு 200. ஆனா அங்க இருக்கிறதெல்லாம் பளபளன்னு காபி கப்பும் மலையும் லேப்டாப்பும், மேலப்பாளையம் சந்தை வேணும்னா ஏமாந்துதான் வரணும். உன் ப்ராஜெக்ட்டுக்கு என்னோட சிபாரிசு விக்கிமீடியா காமன்ஸ், விக்கிப்பீடியாவோட படக் கிடங்கு. 2004ல ஆரம்பிச்சது, 10 கோடிக்கும் மேல ஃபைல் இருக்கு, தேடிப் படிக்க கீயே வேண்டாம், முக்கியமா நம்ம பக்கத்துக் கோயில், குளம், பறவை எல்லாம் ஊர்க்காரங்க எடுத்துப் போட்டது கெடைக்கும்.

ப்ரோக்ராம முழுசா இங்க அச்சடிச்சா எடிட்டர் என்ன உரிச்சுப்புடுவாரு. அது எந்த டாக்குமென்ட்லயும் இருக்கு, எங்க இடறுவங்கிறத மட்டும் சொல்லுதேன். மொதல்ல, தேடும்போது நேம்ஸ்பேஸ் 6ன்னு சொல்லணும், அதான் ஃபைலுக்கான எடம், சொல்லலன்னா வேற பக்கங்க எல்லாம் வந்து விழும். ரெண்டாவது, ஆரிஜின்கிற பாராமீட்டருக்கு நட்சத்திரக் குறி குடுக்கணும், இல்லன்னா கேள்வி சரியா இருந்தாலும் பிரவுசர் நடுவுல நின்னு கோர்ஸ் எரர்னு (வேற சைட்டுலருந்து வாங்க அனுமதி இல்லன்னு அர்த்தம்) மறிக்கும், நம்ம பய பாதிப் பேரு இங்கனயே ஜாவாஸ்கிரிப்ட திட்டிட்டு படுத்துருவான். அப்புறம் ஒண்ணு இருக்கு, எனக்கு ஒரு நாள் ராத்திரி பூரா தின்ன விஷயம்: ஒரு படமும் கெடைக்கலன்னா காமன்ஸ் "பூஜ்யம்"னு காலிப் பட்டியல் அனுப்பாது, பட்டியல் இருக்க வேண்டிய பகுதியையே விட்டுட்டு மிச்சத்த அனுப்பிரும். நீ அந்தப் பகுதி இருக்கும்னு நம்பி கைய விட்டா ஆப் படுத்துரும். இருக்கான்னு பாத்துட்டு, இல்லன்னா "ஒண்ணும் சிக்கல, வேற மாதிரி எழுதிப் பாருங்க"ன்னு மரியாதையா சொல்லு. படங்க வர்ற வரிசையும் பொருத்தத்தோட வரிசை இல்ல, பக்க நம்பர் வரிசை. ஒவ்வொரு படத்தோடயும் இன்டெக்ஸ்னு ஒரு எண் வரும் பாரு, அத வச்சு நீதான் அடுக்கணும்.

எடுத்தவர் பேரு சும்மா எழுத்தா வராது, லிங்க்கோட எச்டிஎம்எல்லா வரும். அத அப்படியே இன்னர் எச்டிஎம்எல்ல கொட்டிராத. யார் வேணும்னாலும் எழுதுற எடத்துலருந்து வர்ற சரக்கு அது, எழுத்த மட்டும் பிரிச்சு டெக்ஸ்ட் கன்டென்ட்டா போடு.

பின்னால கீ கேக்குற சைட்டுக்குப் போனா ஒரு எச்சரிக்கை. நான் ஒரு தடவ கீயை ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்லயே எழுதி, ப்ரோக்ராம் போட்டு வைக்கிற கிட்ஹப் சைட்ல பப்ளிக்கா ஏத்திட்டு, சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டு எந்திரிச்சேன். யாரோ ஒரு புண்ணியவான் அன்னைக்குள்ள மொத்த கோட்டாவையும் தின்னு முடிச்சிருந்தான். தப்பு என்னோடதுதான். பிரவுசருக்குப் போற எதையும் ஒளிக்க முடியாது தம்பி, கீயை நடுவுல ஒரு சின்ன சர்வர்ல வச்சு அது வழியாத்தான் கேக்கணும்.

கேள்வி: உங்க பேச்சக் கேட்டு நானும் காமன்ஸ்ல செஞ்சு பாத்தேன். தமிழ்ல குற்றாலம்னு அடிச்சா ஒரு கூட்டம் படம் வருது, இங்கிலீஷ்ல அடிச்சா வேற கூட்டம். ஸ்பெல்லிங்க மாத்துனா இன்னொரு கூட்டம். ஆப் தப்பா, நான் தப்பா? (வாசகர், தென்காசி)

அண்ணாச்சி: ரெண்டும் இல்ல, இதான் அசல் வேலையே. இந்த இதழ்ல எனக்குப் பிடிச்ச கேள்வி உங்களோடதுதான். எல்லாரும் படத்தத் தேடுறோம்னு நினைக்கோம், ஆனா நாம தேடுறது படத்துக்குக் கீழ யாரோ எழுதி வச்ச வார்த்தைய. அவரு எப்படி எழுதினாரோ அப்படித்தான் சிக்கும்.

நம்ம ஊர் பேரயே எடுத்துக்கிடுங்க. தமிழ்ல திருநெல்வேலி, நெல்லை. இங்கிலீஷ்ல எச் போட்டு ஒரு திருநெல்வேலி, எச் போடாம ஒரு திருநெல்வேலி, வெள்ளைக்காரன் எழுதுன டின்னவேலி. பாளையங்கோட்டை அவனுக்கு பாலம்கோட்டா, தூத்துக்குடி டூட்டிகோரின். பழைய படம் வேணும்னா இந்தப் பழைய பேருல தேடித்தான் ஆகணும். டின்னவேலின்னு தேடும்போது நடுவுல ஏதோ இலையும் பூவும் வந்தா பயப்படாதீங்க, நிலவாகை இலைக்கு ஏற்றுமதிச் சந்தையில பேரே டின்னவேலி சென்னா. ஆத்துக்கும் அதே கததான், தாமிரபரணி, தாமிரவருணி, பொருநை, எந்தப் புலவர் படம் போட்டாரோ அந்தப் பேரு.

அதனால ஆப்புக்குள்ள ஒரு மாற்றுப்பேர் பட்டியல் வைங்க. யாரு குற்றாலம்னு அடிச்சாலும் உள்ளுக்குள்ள அஞ்சாறு ஸ்பெல்லிங்ல கேட்டு, வந்த படங்கள ஒண்ணா சேத்து, ரெண்டு தடவ வந்தத நீக்கிக் காட்டணும். ஆனா கண்ண மூடிட்டு சேக்கக் கூடாது. நாம பேச்சுல சொல்லுற "குத்தாலம்"த்த பட்டியல்ல சேத்தீங்கன்னா, மயிலாடுதுறை மாவட்டத்துல குத்தாலம்னே ஒரு ஊர் இருக்கு, அந்த ஊர் கோயில் எல்லாம் உங்க அருவிக்கு நடுவுல வந்து நிக்கும். அந்த மாதிரி பேருக்கு மட்டும் தென்காசின்னோ அருவின்னோ கூட ஒரு வார்த்தையச் சேத்துக் கேக்கணும்.

மாவட்டம் இன்னொரு கண்ணி. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர்ல. அதுக்கு முன்னால ஏத்துன குற்றாலப் படத்துக்குக் கீழ "திருநெல்வேலி மாவட்டம்"னு போட்டிருந்தா அவரு தப்பா எழுதல, அன்னைக்கு அதான் சரி. தூத்துக்குடி 1986லயே பிரிஞ்சிருச்சு. மாவட்டத்த வச்சு ஃபில்டர் போடுறவங்க இத மறந்தா பாதி அருவி காணாமப் போயிரும்.

அப்புறம் தமிழ் எழுத்தோட சங்கதி, இத எந்த இங்கிலீஷ் டுடோரியல்லயும் சொல்லித்தர மாட்டான். பாளையங்கோட்டையில "கோ" இருக்குல்லா, அதுல வர்ற ஓகாரக் குறிய யூனிகோட்ல (கம்ப்யூட்டர் எழுத்துக்கெல்லாம் நம்பர் குடுக்கிற முறை) ரெண்டு விதமா எழுதலாம். ஒரே குறியாவும் இருக்கு, முன்னால ரெட்டக் கொம்பு பின்னால காலுன்னு ரெண்டு குறியாவும் இருக்கு. கண்ணுக்கு ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற. ரெண்டு பாளையங்கோட்டையும் பக்கத்துல பக்கத்துல நிக்கும், ஆப் "இல்லவே இல்ல"ன்னு சாதிக்கும். செங்கோட்டை, கோயில், கொக்கு, தோணி எல்லாத்துக்கும் இந்த நோவு உண்டு. மருந்து ஒரே வரி, ஜாவாஸ்கிரிப்ட்ல நார்மலைஸ்னு இருக்கு, என்எஃப்சின்னு குடுத்தா ரெண்டையும் ஒண்ணாக்கிரும். அடிக்கிற வார்த்தைக்கும் பண்ணுங்க, ஒப்பிடுற தலைப்புக்கும் பண்ணுங்க, ஒரு பக்கம் மட்டும் பண்ணிட்டு வேல செய்யலன்னு எனக்கு லெட்டர் போடாதீங்க.

அதவிடப் பெருசு வேற்றுமை உருபு. "குற்றாலம்"னு தேடுறோம், அவரு "குற்றாலத்தில் சாரல்"னு தலைப்பு வச்சிருக்காரு. "ம்" போயி "த்து" வந்தாச்சு, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டா சிக்காது. பாபநாசம் பாபநாசத்துலன்னு ஆகும், பாலம் பாலத்துலன்னு ஆகும். நான் பண்ணுறது முரட்டு வைத்தியம்தான், மகரத்துல முடியிற பேருக்கு "ம்"ம வெட்டிட்டு "குற்றால"ன்னு தேடுவேன். காமன்ஸ் தேடல்ல கடைசியில நட்சத்திரம் போட்டா அதுக்கு மேல எப்படி முடிஞ்சாலும் புடிச்சுக் குடுக்கும். பள்ளிக்கூடத்துல இலக்கண வாத்தியார் கிட்ட அடி வாங்கினது இதுக்குத்தான் உதவுதுன்னு எனக்கே இப்பதான் தெரியுது.

கேள்வி: ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதே படம் மாறுற மாதிரி வச்சேன். பாக்க அழகா இருக்கு, ஆனா சில சமயம் "நெல்லை"ன்னு முழுசா அடிச்ச பொறவு வயல்ல நிக்கிற நெல்லுப் படமா காட்டுது. பேய் ஏதும் புடிச்சிருக்கா? (வாசகி, வள்ளியூர்)

அண்ணாச்சி: பேய் இல்லம்மா, ரெண்டு கேள்வி ஓடுற ஓட்டப் பந்தயம். நீ "நெல்"லுக்கு வரும்போது ஒரு கேள்வி போச்சு, "நெல்லை"க்கு வரும்போது இன்னொண்ணு போச்சு. முதல்ல போனது வழியில டீ குடிச்சிட்டு லேட்டா வந்து, சரியான பதில் மேல ஏறி ஒக்காந்துக்கிச்சு. புதுக் கேள்வி போட்ட உடனே பழையத அபார்ட் கன்ட்ரோலர் வச்சு ரத்து பண்ணிரு. கூடவே எழுத்துக்கு எழுத்து கேக்காம, கை நின்னு ஒரு 300 மில்லி செகண்ட் ஆனப்புறம் கேளு, டிபவுன்ஸ்னு சொல்லுவாங்க. தமிழ்ல இது இன்னும் அவசியம், ஏன்னா "நெல்லை" நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து, யூனிகோடுக்கு ஆறு குறி, அத அட்ரஸ்ல அனுப்பும்போது 54 கேரக்டரா விரியும். விரியிறதுல தப்பில்ல, ஆனா என்கோட் யூஆர்ஐ காம்போனன்ட் போட்டு அனுப்பு, வெறுமனே ஒட்டி அனுப்பாத. நடுவுல ஒரு ஆம்பர்சாண்ட் (& குறி) யாராவது அடிச்சா அதோட வார்த்த அறுந்துரும்.

கேள்வி: மஞ்சோலைப் பக்கம் ஃப்ரெண்டு வீட்ல என் ஆப்ப தொறந்தா படம் ஒண்ணு ஒண்ணா நாக்கு தள்ளிட்டு வருது. (அதே பேட்டை மாணவரோட கூட்டாளி)

அண்ணாச்சி: ஒரிஜினல் படத்தையே இறக்குறியா? ஒரு கேமரா படமே பத்து எம்பி இருக்கும், 20 படம்னா மலை மேல இருக்கவன் பாவம்லா. கேக்கும்போதே 320 பிக்சல் அகலத்துல வேணும்னு சொன்னா காமன்ஸே சின்னதாக்கின படத்தோட அட்ரஸ் குடுக்கும். இமேஜ் டேக்ல லோடிங் லேசின்னு போடு, திரைக்குக் கீழ இருக்கிறது உருட்டும்போது வரும். அகலம் உயரம் குறிப்பிட்டு வை, இல்லன்னா படம் வர வர பக்கம் குதிக்கும். முடிஞ்சுச்சு.

கேள்வி: எங்களுக்கு ஸ்டுடியோ இருக்கு. தம்பி செஞ்சு குடுத்த ஆப்ல அருவி, ஆத்துப் படித்துறைன்னு அருமையா படம் வருது. கல்யாண ஆல்பத்துக்கு பேக்ரவுண்டா போட்டுக்கலாமா? இன்டர்நெட்ல இருக்கிறது எல்லாருக்கும் பொதுதானே? (ஸ்டுடியோக்காரர், அம்பாசமுத்திரம்)

அண்ணாச்சி: பொது இல்ல அண்ணாச்சி, ரோட்டோரம் நிக்கிற பைக் எல்லாருக்கும் பொதுவா? எடுத்தவர் என்ன சொல்லி விட்டிருக்காருன்னு பாக்கணும். கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் 2002லருந்து இருக்கு, அதுல பை-ன்னு இருந்தா எடுத்தவர் பேரப் போட்டு, லைசென்ஸ் பேரயும் சொல்லி யாவாரத்துக்கே பயன்படுத்தலாம். கூட எஸ்ஏ இருந்தா அத மாத்திச் செஞ்சதையும் அதே லைசென்ஸ்ல விடணும், கல்யாண ஆல்பத்துக்கு அது தலவலி. என்சி இருந்தா காசு வாங்குற வேலைக்கு ஆகாது, என்டி இருந்தா வெட்டி ஒட்டக் கூடாது. சிசி ஜீரோன்னு இருந்தா தாராளமா எடுத்துக்கிடலாம். காமன்ஸ்ல என்சியும் என்டியும் சேக்க மாட்டாங்க, ஃப்ளிக்கர்ங்கிற போட்டோ சைட்ல கலந்து கெடக்கும். தம்பிகிட்ட சொல்லி ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் லைசென்ஸும் பேரும் தெரியிற மாதிரி வைக்கச் சொல்லுங்க, அது இல்லாத போட்டோ ஆப் என்னப் பொறுத்தவரைக்கும் பாதி வேலதான்.

சட்டம் கேட்டீங்கன்னா உங்களுக்கு ஒரு கசப்பும் சொல்லணும். 1957ம் வருஷ காப்பிரைட் சட்டப்படி, ஒருத்தர் காசு குடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லன்னா, காசு குடுத்தவருதான் முதல் உரிமையாளர். நீங்க எடுத்த கல்யாணப் படத்தையே உங்க விளம்பரத்துக்குப் போடணும்னா பில்லுல ஒரு வரி எழுதி கையெழுத்து வாங்கிக்கிடுங்க.

கேள்வி: இதென்ன பழைய கதை, இப்ப ஏஐ படத்தையே பாத்து கண்டுபுடிக்கும்லா, அப்புறம் எதுக்கு ஸ்பெல்லிங் பட்டியல்? (வாசகர், வண்ணார்பேட்டை)

அண்ணாச்சி: கண்டுபுடிக்கும், உண்மைதான். 2021ல ஓபன்ஏஐ கிளிப்னு ஒண்ணு விட்டாங்க, 40 கோடி படத்தையும் அதுகூட இருந்த வார்த்தையையும் வச்சுப் பழக்குனது, தலைப்பே இல்லாத படத்தக் கூட "ஆத்துல குளிக்கிற யானை"ன்னா எடுத்துக் குடுக்கும். இங்கிலீஷ்ல கேக்கணும், தமிழுக்கு பல மொழி பழக்குன மாடல் வேற தேடணும். என்னோட சந்தேகம் அதுல இல்ல. பாயப் பாத்து பாய்னு சொல்லிரும், கோரைப் பாய்னு கூட சொல்லலாம், ஆனா அது பத்தமடையில நெய்ஞ்சதுன்னு படத்துல எங்க எழுதியிருக்கு? நெய்ஞ்ச கை சொன்னாத்தான் தெரியும். ரெண்டையும் சேத்து வச்சுக்கோங்க, சண்ட வேண்டாம்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். முப்பது வருஷமா நானே எடுத்த படங்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கு. குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்துல மூழ்கினது, பழைய ஜங்ஷன், கூந்தன்குளம் பறவைகள். எனக்குப் பிறகு எடைக்குப் போயிரும்னு நினைச்சா கஷ்டமா இருக்கு. நீங்க சொல்லுற ஆப்புகள்ல இதெல்லாம் வர வைக்க முடியுமா? (கல்லிடைக்குறிச்சி)

அண்ணாச்சி: சார், மத்தவங்க எல்லாம் தேடுறாங்க, நீங்கதான் தேடுனா கெடைக்கிற பொருள வச்சிருக்கீங்க. தாராளமா வரும். நீங்களே எடுத்த படம்கிறதால காமன்ஸ்ல நீங்களே ஏத்தலாம். ஒண்ணு மட்டும் யோசிச்சுக்கோங்க, அங்க ஒரு தடவ லைசென்ஸ் குடுத்தா திரும்ப வாங்க முடியாது, யாரும் எடுத்துப் போடலாம், உங்க பேரு கூட வரும். வீட்டு ஆளுக முகம் இருக்கிறத தனியா எடுத்து வச்சிருங்க.

ஏன் ஒரே எடத்துல வைக்காதீங்கன்னு சொல்லுதேன்னா, 2016ல பனோரமியோன்னு எடம் குறிச்சு படம் போடுற நல்ல சைட்டே மூடிப் போச்சு. ஃப்ளிக்கர் 2018ல கை மாறுன பொறவு இலவச அக்கவுண்ட்டுக்கு 1000 படம்தான்னு ஆக்கிட்டாங்க. அதனால ஸ்கேன் பண்ணினத வீட்டு ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, மகன் வீட்டுல ஒண்ணுன்னு வைங்க. போஸ்ட் கார்டு அளவு படத்துக்கு 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தன புள்ளி) போதும்.

ஆனா ஸ்கேனர் வாங்குறதுக்கு முன்னால ஒரு வேல இருக்கு, அது உங்களத் தவிர யாராலயும் ஆகாது. குறுக்குத்துறை கோயில் ஆத்துக்குள்ளயே இருக்கு, பெரு வெள்ளம் வந்தா மூழ்கத்தான் செய்யும். 1992லயும் மூழ்குச்சு, 2023 டிசம்பர்லயும் மூழ்குச்சு. "கோயில் மூழ்கியது"ன்னு மட்டும் எழுதி ஏத்துனா அது எந்த வெள்ளம்னு பின்னால தேடுறவனுக்குத் தெரியாது. வருஷம், மாசம், எந்தக் கரையில நின்னு எடுத்தீங்க, தமிழ்ல ஒரு வரி, இங்கிலீஷ்ல ஒரு வரி. கூந்தன்குளம்னும் எழுதுங்க, கூந்தங்குளம்னும் எழுதுங்க, பறவை பேரு தெரிஞ்சா அதையும், வர்ண நாரையா பூநாரையான்னு. பேத்தி டைப் அடிச்சுக் குடுக்கும், சொல்ல வேண்டியது நீங்க.

டப்பாவ எடுத்து வச்சு ஒரு நாளைக்குப் பத்துப் படம்னு பின்பக்கம் எழுதிட்டு வாங்க. பென்சில்ல எழுதுங்க சார், அதுவும் மெதுவா, ஓரத்துல. பேனா மை முன்பக்கம் இறங்கிரும்.